எண்ணும் எழுத்தும் ஒரே கலத்தில்

எண்ணையும் எழுத்தையும் மனிதனுக்கு வாய்த்த இரு கண்களாகப் போற்றி வந்தது தமிழ்ச் சமூகம். இரண்டும் உயர்ந்தவை, இரண்டும் வேண்டியவை. ஆயினும் ஒன்றின் தொழிலை மற்றொன்று செய்வதில்லை. எழுத்து பொருளைச் சொல்லும். எண் அளவைச் சொல்லும். இன்று நம் அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் சங்கங்களிலும் கணக்கு எழுதப் பயன்படும் கணினி விரிதாளில் இவ்விரண்டையும் ஒரே கட்டத்துள் நெருக்கி அடைத்துவிடும் வழக்கம் பெருகியிருக்கிறது. அதனால் விளையும் இடர் சிறியதன்று. சிலவேளை அது ஓர் ஏழைத் தொழிலாளியின் உரிமையையே தொட்டுவிடுகிறது. ஆதலின் இதனைக் கணினி படிப்போர் மட்டுமன்றி, வீட்டில் ஒரு கணக்கேனும் எழுதும் யாவரும் அறிந்துகொள்ளுதல் நன்று.

விரிதாள் என்பது நிரைகளும் நிரல்களும் குறுக்கும் நெடுக்குமாக அமைந்த ஒரு கணக்குத் தாள். நிரையும் நிரலும் சந்திக்கும் சிறு கட்டத்தை நமது பாடநூல்கள் 'கலம்' என்று அழைக்கின்றன. கலம் என்றால் பாத்திரம் என்பது பொருள். பெயர் பொருத்தமானதே. அரிசிக்கு ஒரு கலம், பருப்புக்கு ஒரு கலம் என்று வைத்துக்கொள்ளும் இல்லத்தரசிக்குச் சமையல் எளிது. இரண்டையும் ஒரே கலத்தில் கொட்டியவர் உலை கொதிக்கும் நேரத்தில் பொறுக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். கொழுந்து நிறுத்த கணக்கை ஒருவர் விரிதாளில் ஏற்றுகிறார். முதற் கலத்தில் '18 கிலோ' என்றும், அடுத்ததில் இடைவெளியின்றி '22கிலோ' என்றும், மூன்றாவதில் 'கிலோ 20' என்றும் எழுதுகிறார். கண்ணால் பார்ப்பவர் அறுபது கிலோ என்று உடனே கூறுவார். ஆனால் கூட்டுத்தொகை காணும் சூத்திரத்தை இட்டால் கணினி தரும் விடை சுழியம்! கணினி பிழை செய்யவில்லை. ஓர் எழுத்துக் கலந்தாலும் அந்தக் கலம் முழுவதையும் அது சொல்லாகவே கொள்கிறது. சொற்களைக் கூட்டும் வழக்கம் அதற்கு இல்லை. எந்த எச்சரிக்கையும் தராமல் அக்கலங்களைத் தாண்டிச் சென்றுவிடுகிறது. மூன்று கலங்களுமே அவ்வாறிருந்தால் சுழியம் என்ற விடையே நம்மை விழிப்பிக்கும். முந்நூறு கலங்களுள் மூன்று மட்டும் அவ்வாறிருந்தால்? அப்போது விடை சரியானது போலவே தோன்றும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

பேரேட்டில் இருந்த ஒழுங்கு

கண்டி மாவட்டத்தின் ஹேவாஹெட்டைப் பகுதியிலே லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலையைப் பயிரிட்டார். இலங்கையின் தேயிலைத் தொழில் அங்கிருந்து வளர்ந்தது என்பதை யாவரும் அறிவர். அத்தொழிலோடு கூடவே வளர்ந்தது 'செக்றோல்' எனப்படும் தோட்டத்துப் பேரேடு. தொழிலாளியின் இலக்கம் ஒரு நிரலில், பெயர் ஒரு நிரலில், வேலை செய்த நாட்கள் வேறு நிரல்களில் என்று கோடிட்டுப் பிரித்த ஏடு அது. காலையில் பிரட்டுக் களத்தில் ஆள் எண்ணி, மாலையில் கொழுந்து நிறுத்து, கணக்கப்பிள்ளை எழுதிய விவரம் அந்த ஏட்டில் ஏறினாற்றான் கூலி உண்டு.

தோட்டத்து வழக்கில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்றே சொல்வார்கள். குறித்த நிறையை எட்டாத நாளில் 'அரைப்பேர்' விழும். மனிதரைக் குறிக்கும் சொல் அங்கே கூலியை அளக்கும் எண்ணாகிவிட்டது. ஆனால் ஏட்டில் அந்தப் பெயரும் இந்தப் 'பேரும்' ஒருநாளும் ஒரே கட்டத்தில் எழுதப்படவில்லை. மை தொட்டு எழுதிய எழுதுவினைஞர்கள் அறிந்திருந்த இந்தச் சிறு ஒழுங்கை, விரல்நுனியில் யாவும் கிடைக்கும் இக்காலத்தில் நாம் கைவிடலாமா?

கணினி விரிதாளும் கோடிட்ட பேரேட்டின் வழித்தோன்றலே. 1979ஆம் ஆண்டு அமெரிக்கர்களாகிய டான் பிரிக்லின், பொப் பிராங்ஸ்டன் என்னும் இருவர் 'விசிகல்க்' என்ற விரிதாளை வெளியிட்டனர். அதிலே ஒரு கலத்தில் முதலில் அழுத்தும் விசை எழுத்தாயின் அது சொல், இலக்கமாயின் அது எண் என்று கருவி முடிவு செய்துகொண்டது. பின்னர் 1983இல் 'லோட்டஸ் 1-2-3' வந்தது. 1985இல் 'எக்செல்' வந்தது. கருவிகள் எத்துணை வளர்ந்தபோதிலும் அந்த அடிப்படை மாறவில்லை: ஒரு கலத்தில் உள்ளது எண்ணாக இருக்கவேண்டும், அல்லது சொல்லாக இருக்கவேண்டும். இரண்டுமாக இருக்க இயலாது.

பிரிப்பது எவ்வாறு?

கலந்துவிட்டதைப் பிரிக்க வழிகள் உண்டு. எந்த வழி என்பது கலந்திருக்கும் விதத்தைப் பொறுத்தது.

எண் எப்போதும் ஒரே இடத்தில், ஒரே நீளத்தில் இருக்குமாயின் வேலை எளிது. இடப்புறத்திலிருந்து இத்தனை எழுத்துகளை எடு என்பதற்கு 'லெப்ட்', வலப்புறத்திலிருந்து எடு என்பதற்கு 'ரைட்', நடுவில் இன்ன இடத்திலிருந்து இத்தனை எடு என்பதற்கு 'மிட்' என்று மூன்று சார்புகள் உள்ளன. இவை தருவது எண் போலத் தோன்றும் சொல்லே என்பதை மாணவர்கள் மறத்தலாகாது. அதனை மெய்யான எண்ணாக்க 'வேல்யூ' என்ற சார்பையும் இடவேண்டும். நாம் வேறு ஒழுங்கு செய்யாதவரை, கலத்தில் எண் வலப்புறமும் சொல் இடப்புறமும் சாய்ந்து நிற்கும். இதுவே எளிய சோதனை.

எண்ணுக்கும் சொல்லுக்கும் இடையே இடைவெளி உண்டாயின், நிரலை அந்த இடைவெளியிலே வெட்டி இரு நிரல்களாக்கும் வசதி உண்டு. '18 கிலோ' என்பது இவ்வாறு பிரியும், '22கிலோ' பிரியாது. அதற்கு 2013ஆம் ஆண்டின் எக்செல்லில் வந்த 'பிளாஷ் பில்' என்னும் வசதி உதவும். இந்தியரான சுமித் குல்வானி என்னும் ஆராய்ச்சியாளரின் உழைப்பில் விளைந்தது அது. பக்கத்து நிரலில் ஓரிரு விடைகளை நாமே எழுதிக் காட்டினால், மீதியை அது ஊகித்து நிரப்பும். கெட்டிக்கார மாணவனைப் போன்றது. ஆனால் ஊகம் ஊகமே. மூலக்கலம் பின்னர் மாறினால் அது நிரப்பிய விடை தானாக மாறாது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

எண் எங்கே இருக்குமென்று தெரியாதபோது, 'தொடர்ந்து வரும் இலக்கங்களை எங்கிருந்தாலும் எடு' என்று ஒரு வடிவத்தைக் கூறித் தேடும் 'ரெஜெக்ஸ்' முறை உண்டு. கூகிள் விரிதாளில் இவ்வசதி நெடுங்காலமாக உள்ளது. எக்செல்லின் புதிய பதிப்புகளிலும் 2024இல் சேர்க்கப்பட்டது.

வழிகள் இவ்வளவு இருந்தும், 'இலக்கம் அல்லாத யாவற்றையும் நீக்கிவிடு' என்ற முரட்டு வழியையே பலர் நாடுகின்றனர். அதன் விளைவைப் பாருங்கள். 'ரூ. 1,350.50' என்ற தொகையில் இலக்கமல்லாதவற்றை நீக்கினால் 135050 எஞ்சும். ஆயிரத்து முந்நூற்றைம்பது ரூபா ஐம்பது சதம், ஒரு நொடியில் நூறு மடங்காகிவிட்டது! சரி, புள்ளியை விட்டுவைப்போம் என்றால், 'ரூ.' என்ற சுருக்கத்திலும் ஒரு புள்ளி உண்டே! இரண்டு புள்ளி கொண்ட ஒன்றை எண்ணாக ஏற்கக் கணினி மறுக்கும். ஆகவே முதலில் 'ரூ.' என்பதைப் புள்ளியோடு சேர்த்து நீக்கி, அடுத்துக் காற்புள்ளியை நீக்கி, அதன் பின்னரே எஞ்சியதை எண்ணாக மாற்றவேண்டும். 'கி.கி.' என்று நிறையைக் குறிப்போரும் இவ்வொழுங்கையே பின்பற்றவேண்டும்.

தொகையா, இலக்கமா?

இதுவரை கூறியது தொழில்நுட்பம். இனிக் கூறப்போவதே முதன்மையானது.

ஆங்கிலத்தில் 'நம்பர்' என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படுவதை நாம் இலங்கைத் தமிழில் இரண்டு சொற்களால் குறிக்கிறோம். பணத்தையும் நிறையையும் ஆட்களையும் கூறும்போது 'தொகை' என்கிறோம். வீட்டையும் தொலைபேசியையும் அடையாள அட்டையையும் கூறும்போது 'இலக்கம்' என்கிறோம். நம் பாட்டன்மார் கணினியைக் கண்டதில்லை. ஆயினும் கணினிக்கு நாம் சொல்லவேண்டிய வேறுபாட்டை அவர்தம் பேச்சு காத்துத் தந்திருக்கிறது.

தொகை எண்ணுவதற்கு, இலக்கம் அழைப்பதற்கு. இதனை அறிய ஒரு கேள்வி போதும்: இவற்றில் இரண்டைக் கூட்டினால் பொருள் உண்டா? பதினெட்டுக் கிலோவையும் இருபது கிலோவையும் கூட்டலாம். ஆகவே அது தொகை. எழுத்தை வேறாக்கி எண்ணாக மாற்றவேண்டும். இரு வீடுகளின் இலக்கங்களைக் கூட்டுவார் உண்டோ? ஆகவே அது இலக்கம். இலக்கங்களாலேயே ஆனதாயினும் அதனைச் சொல்லாகவே வைத்திருக்கவேண்டும்.

வைக்காவிடில் என்ன நேரும்? கண்டியின் தொலைபேசிக் குறியீடு 081. அதனை எண்ணாக இட்டால் முன்னிற்கும் சுழியம் மறைந்து 81 ஆகிவிடும். '12/1' என்ற வீட்டிலக்கம் ஒரு தேதியாக உருமாறும். பதினாறு இலக்கங்கள் கொண்ட வங்கி அட்டை இலக்கத்தை எண்ணாக இட்டால், எக்செல் பதினைந்து இலக்கங்களையே காப்பதனால் கடைசி இலக்கம் சுழியமாகிவிடும்; இழந்ததை மீட்கவும் இயலாது. நிரலை முன்னதாகவே 'டெக்ஸ்ட்' என்று அமைத்துவிட்டு எழுதினால் இத்தொல்லைகள் இல்லை.

பெரும் அறிஞரையும் இத்தொல்லை விட்டதில்லை. மனித மரபணுக்களுள் சிலவற்றின் சுருக்கப் பெயர்கள் 'செப்ட் 2', 'மார்ச் 1' என்பன போல ஆங்கில மாதப் பெயரும் எண்ணும் சேர்ந்தவையாக இருந்தன. எக்செல் அவற்றைத் தேதிகளாக மாற்றிவிட்டது. மரபணுப் பட்டியல்களை எக்செல்லில் இணைத்து வெளியான ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இப்பிழை இருப்பதை 2016ஆம் ஆண்டு அவுஸ்திரேலிய ஆய்வாளர் மூவர் எடுத்துக்காட்டினர். முடிவில், 2020ஆம் ஆண்டு வெளியான பெயரிடும் நெறிகளின்படி, அந்த மரபணுக்களின் சுருக்கப் பெயர்களே மாற்றப்பட்டன. கருவிக்காக உயிரின் பெயரை மாற்ற நேர்ந்த கதை இது!

அடையாள அட்டையில் ஒரு பாடம்

எண்ணும் எழுத்தும் கலந்தவற்றுள் நம் யாவர் கையிலும் உள்ளது தேசிய அடையாள அட்டை இலக்கம். 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தின் வழியே 1972இல் அட்டை வழங்கல் தொடங்கிற்று. பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் இறுதியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு; அடுத்த மூன்று அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பது; பெண்களாயின் அந்நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். பின்னர் வரிசை இலக்கம் மூன்று. இறுதியில் சரிபார்க்கும் இலக்கம் ஒன்று. 2016 முதல் வழங்கப்படும் அட்டையில் எழுத்தே இல்லை, பன்னிரண்டு இலக்கங்கள். பழையதைப் புதியதாக்க வேண்டின், எழுத்தை நீக்கி, முன்னே 19 சேர்த்து, நாளைக் குறிக்கும் மூன்று இலக்கங்களுக்குப் பின்னே ஒரு சுழியத்தை இடவேண்டும்.

மாணவர்கள் பிரித்துப் பழக இதனினும் சிறந்த பயிற்சி இல்லை. 85561 என்று தொடங்கும் ஓர் இலக்கத்தை எடுத்துக்கொள்வோம். முதலிரண்டு இலக்கங்களால் ஆண்டு 1985. அடுத்த மூன்று 561. ஐந்நூறுக்கு மேற்பட்டதால் பெண். ஐந்நூறைக் கழிக்க 61ஆம் நாள். இனி விரிதாளிடம் 1985ஆம் ஆண்டின் 61ஆம் நாள் எது என்று கேட்டால் மார்ச் 2 என்று கூறும். ஆனால் அப்பெண் பிறந்தது மார்ச் 1! ஏனெனில் அடையாள அட்டைக் கணக்கில் எல்லா ஆண்டுகளுக்கும் பெப்ரவரி 29 நாட்களாகவே எண்ணப்படுகிறது. லீப் வருடமல்லாத ஆண்டில் மார்ச் முதலாக யாவருடைய பிறந்தநாளும் விரிதாளில் ஒருநாள் தள்ளிப்போய்விடும். 2000 போன்ற ஒரு லீப் வருடத்தைக் கொண்டு மாதத்தையும் நாளையும் கண்டு, பின்னர் உரிய ஆண்டைச் சேர்த்துக்கொள்வதே நேர்வழி. எண்ணைப் பிரித்தெடுப்பது பாதி வேலை. அந்த எண் எந்த முறையில் எண்ணப்பட்டது என்று அறிவது மறுபாதி.

பன்னிரண்டு இலக்கப் புதிய அட்டைக்கும் தனி இடர் உண்டு. அதனைச் சாதாரணக் கலத்தில் எண்ணாக இட்டால், எக்செல் அதனை முழுமையாகக் காட்டாது. நடுவே 'ஈ' என்னும் ஆங்கில எழுத்துப் புகுந்த ஒரு சுருக்க வடிவில் காட்டும். அவ்வாறே அச்சிட்டுவிட்டால் நூறு பேருடைய இலக்கங்கள் ஒன்றுபோலத் தோன்றும். மேலும் ஒருவருடைய பழைய இலக்கம் ஒரு பட்டியலிலும் புதியது மற்றொரு பட்டியலிலும் இருக்குமாயின், கணினிக்கு அவர் இருவர்.

இது வெறும் ஏட்டுக் குறையா? 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதியை எண்ணிப் பாருங்கள். மலையில் முப்பது ஆண்டு கொழுந்து பறித்த ஒரு தாய், முதுமையில் அப்பணத்தைக் கேட்டுச் செல்லும்போது, பெயரும் பிறந்த தேதியும் அட்டை இலக்கமும் ஒன்றோடொன்று ஒத்திருக்க வேண்டும். எங்கோ ஓர் அலுவலகத்தில் ஒரு சுழியம் உதிர்ந்ததற்காகவும் ஒருநாள் தள்ளிப்போனதற்காகவும் அவர் பேருந்து ஏறி ஏறி அலைதல் தகுமா?

எழுத்து உமி அன்று

எண்ணைப் பிரித்தெடுத்த பின் எஞ்சும் எழுத்தைப் பலர் உமியென ஊதிவிடுகின்றனர். அது தவறு. '18 கிலோ'வில் கிலோவை எறிந்துவிட்டால் பதினெட்டு இறாத்தலா, கிலோவா என்று நாளை கேட்பார்க்கு விடை இராது. நீக்கிய அலகை நிரலின் தலைப்பில் எழுதிவைப்பது கடமை.

பழைய அடையாள அட்டையின் இறுதி எழுத்து இதனினும் கனமானது. அது பெரும்பாலும் 'வீ' என்னும் எழுத்தாக இருக்கும். அட்டைக்குரியவர் வாக்களிக்கத் தகுதி பெற்றவர் என்பதன் குறி அது. சிலருக்கு 'எக்ஸ்' என்றிருக்கும். அத்தகுதி இல்லாதவர் என்பது அதன் பொருள். இந்த மலைநாட்டிலே வாக்குரிமை என்ற சொல்லின் எடையை நாம் அறிவோம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழருட் பெரும்பாலோர் குடியுரிமையும், அதனைத் தொடர்ந்து வாக்குரிமையும் இழந்தனர். 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தொகையாக எண்ணி இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. இலங்கையில் எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமைக்கு வழி திறந்தது. ஓர் எழுத்து ஒரு மனிதனின் நிலையைக் கூறவல்லது என்பதற்கு இவ்வட்டையினும் வேறு சான்று வேண்டுமோ? பழைய பட்டியலிலிருந்து எண்களை எடுப்போர் அவ்வெழுத்தைத் தனி நிரலில் காத்துவைத்தல் வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, மூல நிரலை ஒருபோதும் அழித்து எழுதாதீர்கள். பிரித்தவற்றைப் புதிய நிரல்களில் வையுங்கள். பிழை நேர்ந்தால் திரும்பிச் செல்ல வழி இருக்கும். இரண்டாவதாக, ஒவ்வொரு நிரலையும் நோக்கி, இது தொகையா இலக்கமா என்று கேளுங்கள்; விடைக்கு ஏற்பக் கலத்தை அமையுங்கள். மூன்றாவதாக, பிரித்து முடிந்ததும் மூலத்தில் எத்தனை நிரைகள், விடையில் எத்தனை எண்கள் என்று ஒப்பிடுங்கள். எங்கேனும் பத்து நிரைகளைத் தெரிந்து கண்ணால் சரிபாருங்கள். நான்காவதாக, இனி எழுதும் கணக்கிலேனும் எண்ணுக்கு ஒரு கலம், அலகுக்கு ஒரு கலம், குறிப்புக்கு ஒரு கலம் என்று தொடக்கத்திலேயே பிரித்து எழுதுங்கள். ஒரு மணி நேரம் பிரிப்பதைவிட ஒரு நிமிடம் சிந்தித்து எழுதுவது மேல்.

பேராதனைப் பல்கலைக்கழகம் செல்லக் கனவு காணும் மாணவரும், தோட்டத்து அலுவலகத்தில் வேலைக்கமரும் இளைஞரும், வீட்டுச் செலவை எழுதும் தாய்மாரும் இதனைத் தம் கைப்பழக்கமாக்கிக் கொள்வார்களாக. கணினி விரைவானது, ஆனால் நாம் பிரித்துக் கொடுப்பதையே அது எண்ணும். ஒவ்வொரு நிரையின் தலையிலும் ஒரு மனிதரின் பெயர் இருக்கிறது. அந்தப் பெயருக்கு உரியதை ஒரு சதமும் குறையாமல், ஒரு நாளும் தவறாமல் எழுதிக்கொடுப்பதே கணக்கறிந்தவர் கடன்.